உலர்த்தும் பெட்டியில் மிஸஸ் ஹால்வர்சன்

நோர்டால், மினசோட்டா
மான் வேட்டை முடிந்த மறுவாரம்

பாசமுள்ள தங்கை ஆர்டிஸுக்கு,

உன் அண்ணன் வெர்லின் நோர்டாலிலிருந்து எழுதுவது. இங்கே நானும் லவோனும் நாயும் நலமாக இருக்கிறோம். என் முழங்கால் நலம் என்று சொல்ல முடியாது. ஆனால் அது வெகுகாலமாகவே அப்படித்தான் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அரிசோனாவில் நீயும் உன் மகள் ஜோலினும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே இப்போதும் அரைக்கைச் சட்டையோடு வெளியே உட்கார முடிகிறது என்று ஜோலின் சொன்னாள். இங்கே ஏரி ஓரம் உறையத் தொடங்கிவிட்டது. அரைக்கைச் சட்டை பற்றி நான் கருத்து எதுவும் சொல்ல விரும்பவில்லை.

இதைத் தொலைபேசியில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உன் தொண்டையில் வந்த கட்டியோடு சேர்த்துக் குரல்வளையையும் டாக்டர்கள் எடுத்ததிலிருந்து, நான் பேசுவதும் நீ ரிசீவரைத் தட்டுவதுமாக நம் ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. போன வாரம் நாயின் காது வலியை நான் ஆரம்பத்திலிருந்து விவரித்தபோது நீ நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தாய். "எவ்வளவு ஆர்வமா கேக்கறா பாரு" என்று லவோனிடம் சொன்னேன். "வெர்லின், ஃபோன வைங்கன்னு சொல்றா" என்றாள் லவோன். உண்மை எது என்று எனக்கு இன்னும் தெரியாது, பதில் எழுதும்போது குறிப்பிடவும். நீ விரலால் எழுதுவதை வாசித்துக் காட்டும் கருவியில் இருக்கிறாளே ஒரு பெண்மணி, அவள்மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் கிடையாது. ஆனால் என் பிறந்தநாளுக்கு அவள் வாழ்த்துச் சொன்னபோது, வரி அலுவலகத்திலிருந்து ஏதோ பாக்கி கேட்கிறார்கள் என்று நினைத்து நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அப்போதுதான் ஜோலின் சொன்னாள். "மாமா, அம்மாவோட பழைய குரல் கொஞ்ச நேரத்துக்குச் சுத்தமா கெடச்சாப் போதும். அந்தக் கம்பெனிக்காரங்க அதே குரல்ல கருவியப் பேச வச்சிருவாங்க." அதைக் கேட்டதும் எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் இருந்த வீடியோ அத்தனையும் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தது நீ. என் தலை வழுக்கையான வரலாறு ஒன்றுவிடாமல் அதில் பதிவாகியிருக்கிறது, நீ பேசியது மட்டும் இல்லை. ஒரே ஒரு கிறிஸ்துமஸில் "வெர்லின், கொஞ்சம்" என்று ஆரம்பிக்கிறாய். உடனே பக்கத்து வீட்டுக்காரர் பனி தள்ளும் இயந்திரத்தைக் கிளப்பிவிடுகிறார். அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மிச்சம் இருந்தது நோர்டால் கல்லூரி வானொலி. இனி வரும் சில வரிகள் உனக்குத் தெரிந்தவைதான், ஜோலினும் இதைப் படிப்பாள் என்பதால் எழுதுகிறேன். சனிக்கிழமை காலையில், ஊருக்குப் போக வண்டி வைத்திருக்கும் மாணவர்கள் யார், வண்டியில் இடம் தேடும் மாணவர்கள் யார் என்று அந்த வானொலியில் வாசிப்பார்கள். முதன்முதலில் வாசித்தவர் டீன் அலுவலகத்தில் வேலை பார்த்த மிஸஸ் ஹால்வர்சன். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் கேட்பவர்களுக்கு வேறு பெயர் ஒத்துவரவில்லை. ஆகவே அதற்குப் பின் வந்த மாணவிகள் எல்லோரும் "வணக்கம், நான் மிஸஸ் ஹால்வர்சன்" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், அவரைப் போலவே நிறுத்தி நிதானமாக வாசிக்க வேண்டும். வாய் தவறித் தன் சொந்தப் பெயரைச் சொன்னவள் ஒரு வாரம் நிலையத்துக் காபிப் பாத்திரங்களைக் கழுவ வேண்டும். இப்படி எத்தனையோ மிஸஸ் ஹால்வர்சன்கள். அவர்களில் இரண்டு வருடம் என் தங்கை. நான் அப்போது பட்டாளத்தில் இருந்தேன், ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் கல்லூரியில் பராமரிப்பு வேலை பார்க்கும் கேலன் கூப்பிட்டான். "மிஸ்டர் நைகார்ட், நான் கேலன். ஞாபகம் இருக்கா? லைசென்ஸ் டெஸ்ட்ல என்ன மூணு தடவ ஃபெயில் ஆக்குனீங்க." நான் "நாலு" என்றேன். லைசென்ஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவனுக்கு இந்த மாதிரி விஷயங்கள் மறப்பதில்லை. அவன் கோபப்படவில்லை. "பழைய ரேடியோ ரூம இடிச்சுட்டு, பசங்க சுவர் ஏறி வெளையாடற எடமா ஆக்கப் போறாங்க. டேப்பெல்லாம் இந்த வாரம் குப்பைக்குப் போகுது. ஒங்க தங்கச்சி அதுல பேசுனவங்கதான?" என்றான். மலை இல்லாத ஊரில் பிள்ளைகள் எதன்மேல் ஏறுவது என்று கல்லூரிக்கு எப்படித்தான் கவலை வந்ததோ. அன்றே அவனுடைய வேனில் போய் நிலவறையில் இருந்த பெட்டிகளை ஏற்றினோம். அவன் கண்ணாடியைப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தான். நான் வாயைத் திறக்கவில்லை. இல்லாத பிரேக்கை மட்டும் இடது பக்கம் தேடி அழுத்திக்கொண்டிருந்தேன். "சொல்லிடுங்க சார். சொல்லாம அடக்கிக்கிட்டா ஒங்க ஒடம்புக்கு ஏதாவது ஆயிரும்" என்றான். சொன்னேன். வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். பாவம், நல்ல மனிதன்.

பெட்டிகள் கேரேஜை நிரப்பிவிட்டு, உணவறைக்கும் வந்துவிட்டன. முக்கால்வாசிப் பெட்டிகளின் முதுகில் ஒரே எழுத்து: மிஸஸ் ஹால்வர்சன், சனிக்கிழமை. வருடம் எழுத வேண்டும் என்று ஒரு மிஸஸ் ஹால்வர்சனுக்கும் தோன்றவில்லை. லவோன் நடுவில் நின்று பார்த்துவிட்டு, "இத்தன பொம்பளைங்கள ஒங்க தங்கச்சிக்காகவா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள்.

ரீல் டேப் ஓட்டும் இயந்திரம் ஊரில் ஒருவரிடம்தான் இருந்தது, ஓய்வு பெற்ற சங்கீதப் பேராசிரியர் தோர்ஸ்டட். இயந்திரத்தைக் கொடுங்கள் என்று கேட்டேன், அவரும் சேர்ந்து வந்துவிட்டார். முதல் டேப்பை மாட்டினோம். விநோதமான சத்தம் வந்தது, இழுத்து இழுத்து, விழுங்கி விழுங்கி, யாரோ மூச்சை உள்ளே வாங்கிக்கொண்டே பேசுவதுபோல. எனக்கும் லவோனுக்கும் ஒன்றும் புரியவில்லை. பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினார், யாரும் பேசக்கூடாது என்று. டேப் முடியும்வரை அப்படியே இருந்தார். பிறகு, "இது என் மாணவன் ஒருத்தன் செஞ்ச இசை. அந்தக் காலத்துல இத நான் புரிஞ்சுக்கல. குறைஞ்ச மார்க் போட்டு அனுப்பிட்டேன். அவன் இப்ப எங்க இருக்கான்னு தெரியல, கண்டுபிடிச்சு மன்னிப்புக் கேக்கணும்" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. லவோன் அவருக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தாள்.

மறுநாள் மெர்னா க்விஸ்ட் வந்து சேர்ந்தாள். உனக்கு ஆறு வருடம் மூத்தவள், நீ கல்லூரிக்குள் நுழையுமுன் வெளியேறியவள், அதனால் நீ பார்த்திருக்க மாட்டாய். நிலையத்தின் தொழில்நுட்ப அறையில் ஆரம்பித்து, மினியாபொலிஸில் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆயுசைக் கழித்தவள். பழைய டேப் பற்றித் தெரிந்தவர் தேவை என்று கல்லூரிப் பத்திரிகையில் நாங்கள் போட்ட வேண்டுகோளைப் பார்த்துவிட்டுத் தானே காரோட்டி வந்து, ஊர் விடுதியில் அறை எடுத்துத் தங்கிவிட்டாள். அறைக்குள் வந்தால் அறை அவளுடையதாகிவிடும், அப்படி ஒரு குரல். பேராசிரியரின் கதையைக் கேட்டுவிட்டு, டேப்பை எடுத்து மறுபடி சுற்றி ஓட்டினாள். பன்றி விலை நிலவரம் வந்தது. "டேப்பு முடியற வால் வெளிய இருக்கற மாதிரிதான் பெட்டியில கெடக்கும். அதுதான் ரேடியோக்காரன் வழக்கம். அப்படி வச்சாத்தான் டேப்பு கெடாது. மொதல்ல திருப்பிச் சுத்தணும். நீங்க வாலத் தலைன்னு நெனச்சு பின்னாலேருந்து ஓட்டியிருக்கீங்க" என்றாள். பேராசிரியர் பன்றி விலையையும் முடிவு வரை கேட்டார். கடைசியில், "பன்றி விலையா இருந்தாலும் அமைப்பு நல்லா இருந்தது" என்றார்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "ஒங்க தங்கச்சி காலத்து டேப்பு எல்லாம் நோய் புடிச்சது, பிரேக் இன்ஸ்பெக்டரே." அந்தக் காலத்தில் செய்த டேப்பில் இருக்கும் பசை, வருடக்கணக்கில் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கொழகொழத்துவிடுமாம். அப்படியே ஓட்டினால் கிறீச்சென்று கத்தி நின்றுவிடும், குரல் இருக்கும் பழுப்புப் பொடி உரிந்து கையோடு வந்துவிடும். மிதமான சூட்டில் நாள் முழுக்க உலர்த்தினால் சில வாரங்களுக்குப் புத்தி தெளிந்து பாடும், அதற்குள் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுப்பில் வைத்தால் சூடு ஏறி இறங்கும், கூடாது. "ஆப்பிள் உலர்த்துற பெட்டி இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது. லவோனுடையது. போன வருடம் நான் சுட்டு உறைபெட்டியில் வைத்திருந்த மான் அதற்குள் உப்புக்கண்டமாகிக்கொண்டிருந்தது.

அடுத்து நடந்ததை முழுதாக எழுத மாட்டேன். "இந்த அம்மா என் சமையக்கட்டுல நின்னுக்கிட்டு என் பெட்டியக் கேக்கறாங்க. வந்து காப்பி கூட இன்னும் குடிக்கல" என்றாள் லவோன். "காப்பி வேணாம்" என்றாள் மெர்னா. நம் ஊரில் இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாவது தடவை கேட்கும்போது சரி என்று சொல்லிவிட வேண்டும் என்பதைக்கூட மினியாபொலிஸில் மறந்துவிட்டிருக்கிறாள். நிலைமை மோசமாகும்போல் இருந்தது. நான் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது இருவரும் ஒரே தட்டில் உப்புக்கண்டம் தின்றுகொண்டு என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் மான், ஒரு நாள் மிஸஸ் ஹால்வர்சன் என்று முறை வைத்துக்கொண்டார்களாம். அன்றிலிருந்து டேப்புகளில் பூண்டும் மிளகும் மணக்கின்றன. இந்த வருட உப்புக்கண்டத்தில் வானொலி வாசனை லேசாக அடிக்கிறது. உனக்கு ஒரு பை அனுப்புகிறேன்.

ஒரு விபத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் லவோன் சொல்லிவிடுவாள். உலர்த்துவதற்கு முன் ஒவ்வொரு டேப்பையும் விளக்கின்முன் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று மெர்னா சொல்லியிருந்தாள். வெளிச்சம் ஊடுருவி வந்தால் அது இன்னும் பழைய காலத்துப் பிளாஸ்டிக், அதற்குச் சூடே ஆகாது. அன்று மாலை அவள் "சரி, கெளம்பறேன்" என்று எழுந்தாள். நம் ஊரில் கிளம்பறேன் என்பதற்கும் கார் நகர்வதற்கும் இடையில் ஒரு சமையலை முடித்துவிடலாம். வாசலில் அவர்கள் விடைபெற்றுக்கொண்டே இருந்தார்கள், பெட்டி காலியாகக் கிடந்தது, நேரத்தை வீணாக்குவானேன் என்று நானே ஒரு டேப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். விளக்கு? வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான், எனக்கு எதற்கு விளக்கு. காலையில் திறந்தபோது டேப் சுருண்டு சுருண்டு பன்றி வாலாகக் கிடந்தது. பெட்டியின் முதுகைப் பார்த்தோம். கல்லூரித் தலைவர் ஒருவரின் பதவியேற்பு உரை, இரண்டு பாகங்கள். மெர்னா என்னைப் பார்த்த பார்வையில், கேலனுக்கு நாலாவது தடவை ஃபெயில் போட்டபோது எப்படி இருந்திருக்கும் என்று புரிந்துகொண்டேன். கேலன்தான் என்னைக் காப்பாற்றினான். "இதுக்காக யாராவது வருத்தப்படறீங்களா?" என்று கேட்டான். பேராசிரியர், "அந்தப் பேச்ச நான் நேர்லயே கேட்டேன். ஒரு தடவ போதும்" என்றார்.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், ஆனால் அதற்கடுத்த வாரங்கள் நன்றாக இல்லை, ஆர்டிஸ். டேப்பின் ரகத்தை வைத்து மெர்னா பிரித்துக் கொடுத்த உன் காலத்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஐஸ் ஹாக்கி. அடுத்ததைத் திறந்தால் அதிலும் ஹாக்கி. புது டேப் வாங்க வழியில்லாத நிலையம், பழசின் மேலேயே பதிந்திருக்கிறார்கள். மற்ற மிஸஸ் ஹால்வர்சன்கள் எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள். மூக்கடைத்த ஒருவர், நடுவில் ஆப்பிள் கடிக்கும் ஒருவர், வேகத்தடைபோல வார்த்தைக்கு வார்த்தை நிற்கும் ஒருவர். உன் இரண்டு வருடத்தின் மேல் மட்டும் நம் கல்லூரி அணி தோற்றுக்கொண்டே இருந்தது. ஒருநாள் கேரேஜில் போய்த் தனியாக உட்கார்ந்தேன். உன் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. அம்மாவின் குரல் வருகிறது. சின்ன வயதில் நம்மைக் குரைத்துத் துரத்திய நாயின் குரல்கூட வருகிறது. எழுபது வருடமாகக் கேட்டது உன் குரல், ஒரு வருடத்துக்குள் எப்படிப் போகும்? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அதை உனக்காகத் தேடுவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்காகவும்தான் தேடினேன்.

கடைசியில், போன சனிக்கிழமை, கிடைத்துவிட்டாய்.

ஹாக்கி விளையாடப்படாத ஒரே ஒரு பெட்டி அது. பனிப்புயல் என்று பென்சிலில் எழுதியிருந்தது. உலர்த்தி எடுத்து, மெர்னா மாட்டினாள். நாங்கள் ஐந்து பேரும் உணவு மேசையைச் சுற்றி நின்றோம், நாற்காலிகளில் எல்லாம் டேப் இருந்ததால். "வணக்கம், நான் மிஸஸ் ஹால்வர்சன்" என்று ஒரு பெண்குரல் வந்தது. நிதானம், தெளிவு, ஒரு துளி இரைச்சல் இல்லை. சாலைகளை எல்லாம் மூடிவிட்டார்கள் போலிருக்கிறது. முந்தின நாள் வண்டியில் கிளம்பிய பிள்ளைகளில் யார் யார் வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று அந்தக் குரல் ஒவ்வொரு பெயராக வாசித்தது. "ஃபார்கோ போன நாலு பேரும் வழியில ஒரு பண்ணை வீட்டுல தங்கியிருக்காங்க. பண்ணைக்காரர் ஃபோன் பண்ணினாரு. பசங்க நல்லாச் சாப்புடறாங்களாம், சீக்கிரம் ரோடு தெறக்கணும்னு சொல்றாரு." "பெமிட்ஜி போன பொண்ணு வீட்டுக்குப் போயிட்டா. அவளோட பெட்டி டுலூத் போயிடுச்சு." ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு மூச்சு இடைவெளி விட்டது, அந்தப் பெற்றோர் எங்காவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்து விட்டதுபோல. கேலன் மூக்கைச் சிந்தினான். வெங்காயம் என்றான். வீட்டில் அன்று வெங்காயமே நறுக்கவில்லை.

எனக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. அம்மாவின் சாயல் அப்படியே இருந்தது. "இதுதான் ஆர்டிஸ்" என்றேன். பேராசிரியர் தொப்பியைக் கழற்றினார். லவோன் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஆர்டிஸ் இவ்வளவு மெதுவாவா பேசுவா? அவளுக்கு மூச்சு விடவே நேரமிருக்காதே" என்றாள். நான் விளக்கினேன், இது வாசிப்பு, பயிற்சி, மிஸஸ் ஹால்வர்சன் முறை. "என் சொந்தத் தங்கச்சி குரல் எனக்குத் தெரியாதா?" என்றேன். லவோன், "மோசமில்ல" என்று மட்டும் சொன்னாள். நம் ஊரில் கல்யாணப் பெண்ணுக்கே இதைவிடப் பெரிய பாராட்டுக் கிடைப்பதில்லை என்பதால் நான் அதோடு விட்டுவிட்டேன். அரைமணிக்குச் சற்றுக் குறைவாக ஓடியதும் டேப் கிறீச்சிட ஆரம்பித்தது. மெர்னா சட்டென்று நிறுத்தினாள். மீதி இன்னும் உலரவில்லையாம், மறுபடி பெட்டிக்குள் போக வேண்டும். போகட்டும், கிடைத்ததே போதும் என்று ஜோலின் கம்பெனியில் விசாரித்துச் சொல்லிவிட்டாள்.

ஆக, விஷயம் இதுதான். உன் குரல் கிடைத்துவிட்டது. நகல் தயார், திங்கட்கிழமை கம்பெனிக்கு அனுப்புகிறேன். கிறிஸ்துமஸுக்குள் அந்த வரி அலுவலகப் பெண்மணியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு நீயே என்னைக் கூப்பிட்டுத் திட்டலாம். மற்ற டேப்புகளைக் கல்லூரி நூலகம் வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது, பூண்டு வாசனை போன பிறகு. நான் எதிலும் பெருமை அடித்துக்கொள்பவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் இந்த ஒரு காரியத்தில் நான் தவறு செய்யவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஜோலினுக்கு மாமாவின் ஆசி. காரில் போகும்போது அவள் பின்னால் திரும்பிப் பேச வேண்டாம். நீ சூப் ஒழுங்காகக் குடி, கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள், வெயிலானாலும் சுற்றிக்கொள். லவோன் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள், நாயும் சொல்லியிருக்கும். ஆண்டவர் உன்னை எங்களுக்காக இன்னும் வெகுகாலம் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
வெர்லின் நைகார்ட்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். அது நீ இல்லை.

இன்று காலை மெர்னா உலர்ந்த மீதி டேப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டினாள். அந்த மிஸஸ் ஹால்வர்சன் வாசித்துக்கொண்டே போகிறார். பனியில் சிக்கிய ஒரு பையன் தன் அக்கார்டியன் வாத்தியத்தைப் பேருந்தில் விட்டுவிட்டானாம், அது மட்டும் பத்திரமாக அவன் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது, அக்கார்டியனின் அம்மா கவலைப்பட வேண்டாம் என்று வாசித்துவிட்டார். வாசித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைக்கிறது. அறைக்குள் வேறு யாரோ மூச்சைப் பலமாக உள்ளே இழுக்கிறார்கள். பிறகு சத்தமே இல்லை. செத்துவிட்டார்களோ என்று தோன்றும் அளவுக்கு நேரம் போகிறது. அப்புறம் வருகிறது பார், ஒரு சிரிப்பு. மூக்கால் ஆரம்பித்து, உடைந்து, மேலே போய், அடங்கப் பார்த்து, மறுபடியும் முதலிலிருந்து. மிஸஸ் ஹால்வர்சன் எல்லா விதிகளையும் மறந்து, "ஆர்டிஸ், வெளிய போயிரு, என்னால படிக்க முடியல" என்று கெஞ்சுகிறார். நாற்காலி விழுகிறது. கதவு சாத்தும் சத்தம். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்கிறது. அத்துடன் டேப் முடிந்துவிட்டது.

லவோன் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "இதுதான் ஆர்டிஸ்" என்றாள். அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த மூச்சை இழுத்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் நடுவில் அந்த மூச்சைக் கேட்டால் அடுத்தது நம் இருவரையும் அப்பா வெளியே இழுத்துப் போவார் என்று அர்த்தம். நான் உட்கார்ந்துவிட்டேன். ஒரு டேப்பின்மேல்தான் உட்கார்ந்தேன், மெர்னாகூட என்னைத் திட்டவில்லை.

ஆகவே மேலே எழுதியது அத்தனையும் தப்பு. அந்த "வெர்லின், கொஞ்சம்" தவிர உன் பேச்சு ஒரு வார்த்தைகூட எங்களிடம் இல்லை, இனிக் கிடைக்கும் என்றும் தோன்றவில்லை. கம்பெனிக்காரர்களுக்கு வார்த்தைதான் வேண்டுமாம், சிரிப்பை வைத்துக்கொண்டு அவர்களால் ஒன்றும் செய்ய முடியாதாம். அந்த மிஸஸ் ஹால்வர்சன் யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். பெயரை எழுது. அவர் வீட்டிலும் யாராவது தேடிக்கொண்டிருக்கலாம்.

ஈஸ்டருக்கு நீ வந்திருந்தபோது, உறைந்த ஏரிமேல் நான் வைத்திருந்த மீன்பிடிக் குடிசை, பனி உடைந்து ஏரிக்குள் போன கதையைச் சொன்னேன். நடுவில் நீ முகத்தைப் பொத்திக்கொண்டாய், தோள் குலுங்கியது, சத்தமே வரவில்லை. அழுகிறாய் என்று நினைத்து நான் பாதியில் நிறுத்திவிட்டேன். இன்று காலை வரையிலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆர்டிஸ். உன்னை அழ வைத்துவிட்டேன் என்று.

இத்துடன் வரும் சிறிய பெட்டி மெர்னா செய்தது. மேலே உள்ள சிவப்புப் பொத்தானைக் கேலன் தன் பேத்தியின் பொம்மையிலிருந்து கழற்றிக் கொடுத்தான். அழுத்தினால் அந்தச் சிரிப்பு வரும், மூச்சிலிருந்து கதவுக்கு அந்தப்புறம் வரை. தொலைபேசிக்குப் பக்கத்தில் வை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுக் குடிசைக் கதையின் மீதியைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அழுத்து. வராவிட்டால் அழுத்தாதே, மரியாதைக்காக அழுத்தினால் எனக்குத் தெரிந்துவிடும்.